சனிக்கிழமை பூட்டச் சொன்ன அறை

சாமுவேல்,

மிஞ்சிய வெடிமருந்தை அழிக்காமல் அறைக்குள் வைத்துப் பூட்டச் சொன்னவன் நீ. திங்கட்கிழமை காலையில் அந்த அறையைத் திறக்கப் போன, உன்னிடம் மருந்து கலக்கிற கருப்பசாமி வெந்து செத்தான். அவன் பீடி பற்றவைத்ததால்தான் வெடித்தது என்று போலீசில் எழுதிக் கொடுத்தவன் நீ. அடுத்த ஞாயிறு ஆலயத்தில் எழுந்து நின்று, தேவன் உன்னை ஆச்சரியமாகக் காப்பாற்றினார் என்று கண்ணீரோடு சாட்சி சொன்னவனும் நீ. இவை ஒவ்வொன்றுக்கும் வேதத்தில் பெயர் இருக்கிறது. விபத்து என்பது அந்தப் பெயர்களில் இல்லை.

இதை மூடிய உறையில் அனுப்பியிருக்கலாமே என்பாய். சகோதரன் தப்புச் செய்தால் முதலில் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல், அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்று கர்த்தர் வரிசை வைத்துக் கொடுத்திருக்கிறார். நான் அந்த வரிசை மாறாமல்தான் வந்திருக்கிறேன். தனியாகச் சொன்னேன். ஆள் வைத்துச் சொன்னேன். இது மூன்றாவது. நம் சபைப் பத்திரிகைக்கு இதைக் கொடுத்தேன். குடும்ப விஷயம் என்று திருப்பிவிட்டார்கள். ஒரு மனிதன் செத்தது யார் குடும்பத்து விஷயம் என்று கேட்டுவிட்டு வந்தேன். அதனால் நான் முன்பு வேலை பார்த்த அச்சகத்திலேயே சொல்லி, துண்டுப் பிரசுரமாக அடித்திருக்கிறேன். சபை விருந்தான அசனத்துக்கு முந்தின ஞாயிறு ஆலய வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் நானே கொடுப்பேன். நீ வரும்போது உன் கையிலும் ஒன்று கிடைக்கும்.

உன் அம்மா காலண்டர் தாளில் படித்தவள் என்று நீ நாலு பேர் முன்னால் கேலி செய்வதுண்டு. உண்மைதான். பள்ளிக்கூட வாசலை நான் மிதித்ததில்லை. சிவகாசியில் வசனக் காலண்டர் அடிக்கும் அச்சகத்தில் தாள் அடுக்கும் வேலைக்குப் போனேன். மை பிசகிய கழிவுத் தாள்களை மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். ஒரே வசனத்தை ஒரு நாள் முழுக்க அடுக்குவோம். அதனால் உங்களைப்போல ஒரு மூச்சில் ஒரு அதிகாரத்தை ஓட்டிக்கொண்டு போக எனக்கு வராது. ஒவ்வொரு சொல்லும் நின்று, என்னைப் பார்த்துவிட்டுத்தான் போகும். நீ முதல் சம்பளத்தில் எனக்குப் பெரிய எழுத்து வேதம் வாங்கிக் கொடுத்தாய். அதை வைத்துத்தான் இன்றைக்கு உன்மேல் குற்றம் சுமத்துகிறேன். வேறு எதற்காக வாங்கிக் கொடுத்தாய் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமையைச் சபையார் தெரிந்துகொள்ள வேண்டும். உன் அறைகளில் ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது என்று உனக்குப் பெரிய பெருமை. பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் சீசன் வந்தால் ஞாயிறும் லோடு ஏறும், சாமுவேல் போர்மேனாக இருக்கிற இடத்தில் அப்படி இல்லை என்று போதகரே பிரசங்கத்தில் சொன்னார். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே நடப்பது போதகருக்குத் தெரியாது. பாடகர் குழுப் பயிற்சிக்கு வர வேண்டும் என்பதற்காக நீ சீக்கிரமே கிளம்பிவிடுவாய். கலந்து மிஞ்சிய மருந்தை அன்றன்றைக்கே கழிவுக் குழிக்குக் கொண்டுபோய், போர்மேன் பார்த்திருக்க அழிக்க வேண்டும். நீ நிற்க மாட்டாய். நீ இல்லாமல் அழிக்கவும் விடமாட்டாய். மூடி வைத்துப் பூட்டு, திங்கட்கிழமை அதிலிருந்தே வேலையைத் தொடங்கலாம் என்பாய். சனிக்கிழமைதோறும் இதுதான் வழக்கம். நீ கர்த்தருடைய நாளை ஆசரித்த விதம் இது.

அன்றைக்குக் கருப்பசாமி வழக்கம்போல நம் தெரு முனையில் வேலையாட்கள் வரும் வேனை நிறுத்தி இறங்கிச் சாவி கொடுக்க வந்தான். நீ பாட்டுப் பயிற்சிக்குப் போக வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாய். நான் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவன் சாவியை உன் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டே பேசினான்.

"அண்ணாச்சி, மிச்சம் இன்னைக்கு நெறையக் கெடக்கு. வானமும் கருத்துக்கிட்டு வருது. நாளைக்கு நா மட்டும் போயி அழிச்சிட்டு வந்திருதேன். சாவி எங்கிட்டயே இருக்கட்டும்."

"ஞாயித்துக்கெழமை நம்ம ரூம்ல வேல கெடையாதுலே. ஆண்டவர் பாத்துக்கிடுவாரு. நீ போயி கறி எடுத்துச் சாப்பிட்டுப் படு."

நான் சும்மா இருக்கவில்லை. போர்மேன் சர்டிபிகேட்டுக்குப் படித்தபோது நீ பாடத்தைச் சத்தமாக ஒப்பிக்க, புத்தகத்தைக் கையில் வைத்துச் சரிபார்த்தவள் நான். ஈரக் காற்றுப் பட்டால் கலந்த மருந்து உள்ளுக்குள்ளேயே சூடேறும் என்று உன் வாயால்தான் கேட்டிருக்கிறேன்.

"ஏலே, மிச்சத்த வைக்கக்கூடாதுன்னு நீதான படிச்ச? பாட்டு எங்கயும் ஓடிப் போயிராது. இப்பவே அவனக் கூட்டிட்டுப் போயி அழிச்சிட்டு வா."

"எம்மா, நீ காலண்டர்ல வசனத்தக் கிழிச்சுப் படி. மருந்து சங்கதி ஒனக்கு எதுக்கு?"

கருப்பசாமி மரியாதைக்குச் சிரித்தான். சாவியைக் கொடுத்துவிட்டு வேனில் ஏறிப் போனான். நீ பாடப் போனாய். ஞாயிறு சாயங்காலம் மழை பெய்தது.

ஓய்வுநாளில் குழிக்குள் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடக் கூடாதா என்று கர்த்தர் கேட்டது உனக்கு ஏன் ஞாபகம் வரவில்லை? சாமி கும்பிடுகிற ஒரு ஏழாயிரம்பண்ணைக்காரன், கூலி கேட்காமல், தன் ஓய்வுநாளை விட்டு, உன் பாவத்தைக் கழிவுக் குழியில் கொண்டுபோய் அழிக்கிறேன் என்று உன் வாசலில் வந்து நின்றான். உனக்கு வந்த எச்சரிப்பு அதுதான். வானத்திலிருந்து குரல் கேட்கும் என்று காத்திருந்தாயா? எச்சரிப்பு எப்போதும் அழுக்குச் சட்டையோடு வந்து அண்ணாச்சி என்று கூப்பிடும். நீ அதைக் கறி தின்னப் போகச் சொன்னாய்.

திங்கட்கிழமை காலையில் அவன் சாவி வாங்க வந்தபோது, நீ போய்த் திற, நான் பின்னால் வருகிறேன் என்று அனுப்பினாய். கம்பெனி வாசலில் அவன் செய்ததை வேனில் வந்த பெண்கள் எனக்குச் சொன்னார்கள். மிச்ச மருந்து உள்ளே கிடக்கிறது, நான் திறந்து பார்த்துக் கூப்பிடுகிற வரைக்கும் ஒருத்தரும் கிட்ட வராதீர்கள் என்று சொல்லி, எல்லோரையும் கேட்டுக்கு வெளியே வேலிக்கருவை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு அவன் ஒருவனாகப் போயிருக்கிறான். அவர்கள் இன்றைக்கு உயிரோடு இருப்பது அதனால்தான். இதைச் சொல்லிவிட்டு ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பெயரைச் சொல்லிவிட வேண்டாம், சொன்னால் சீசனில் வேலை போய்விடும் என்றாள். நான் சொல்லவில்லை.

உன் வண்டி வழியில் பஞ்சர் ஆனதாம். நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அந்தப் பஞ்சர் தேவனுடைய கரம் என்று ஆலயத்தில் சாட்சி சொன்னாய். சபையார் அல்லேலூயா சொன்னார்கள். நான் உங்கள் எல்லோரையும் கேட்கிறேன். ஆணியை எடுத்து உன் டயரில் குத்தக் கையை நீட்டிய தேவன், கருப்பசாமியை அறைக்குள் தள்ளிவிடவும் அதே கையை நீட்டினாரா? உனக்கு ஒரு கணக்கு, அவனுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிற அந்தத் தேவனை நான் வேதத்தில் பார்த்ததில்லை. அப்படி ஒருவரை நீதான் உண்டாக்கினாய். விக்கிரகம் செய்கிறவன் என்று வேதம் சொல்வது உன்னைப் போன்ற ஆளைத்தான்.

பீடிக் கதை முதலாளி சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். கம்பெனிமேல் குற்றம் வந்தால் லைசென்ஸ் போகும், செத்தவன்மேல் போட்டால் யாருக்கும் ஒன்றும் போகாது என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். சொல்லிக் கொடுத்தவர் அவர். கையெழுத்துப் போட்டது உன் கை.

நான் ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் ஏறிப் போனேன். கருப்பசாமியின் மனைவி பேச்சி வீட்டுவாசலில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். வேனில் அவளை ஏற்ற மாட்டேன் என்கிறார்களாம், அதனால் வீட்டிலிருந்தே வேலை. நான் யார் என்று சொன்னதும் எழுந்து, முந்தானையால் இடத்தைத் தட்டி உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். திட்டுவாள் என்று நினைத்துப் போனவள் நான். அவள் திட்டவில்லை.

"அவுக பீடியக் கையால தொட்டதில்லம்மா. எங்க மாமனாரு இருமி இருமிச் செத்ததப் பாத்தவுக. ஊர்ல இப்ப என்ன சொல்லுதாக தெரியுமா? ஒம் புருசன் ஒரு பீடிக்காக ஒரு வேன் பொம்பளைகளக் கொல்லப் பாத்தான்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லுதாக." சுற்றிய குழாயை ஒட்டிக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒங்க மகன் தங்கமானவருன்னு அவுக எப்பவும் சொல்லுவாக. அவரு ஏம்மா இப்பிடிச் சொன்னாரு?"

கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்டேன். அதுதான் நான் உன்னிடம் தனியாகப் பேசிய நாள். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னாய்.

"எம்மா, செத்தவன் செத்துட்டான். உண்மையச் சொன்னா எந்திரிச்சா வரப்போறான்? நா உள்ள போயிட்டா ஒனக்குக் கஞ்சி யாரு ஊத்துவா?"

மறுநாள் காலையில் நான் வேதத்தையும் மாற்றுச் சேலையையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டை விட்டு வந்தேன். இப்போது விருதுநகரில் வத்தல் சேமிக்கிற ஒரு கிட்டங்கியில் மிளகாய்க் காம்பு கிள்ளுகிறேன். விரல் எரியும், கண்ணில் பட்டால் அரை நாள் போய்விடும். ஆனாலும் எனக்கு யார் கஞ்சி ஊற்றுவார்கள் என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லியாகிவிட்டது. என்னைக் காட்டி உன் பொய்யை நியாயப்படுத்த உனக்கு இனி வழியில்லை.

இரண்டாவது முறை சபை மூப்பரையும் பெண்கள் சங்கத்து அம்மா ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் மூப்பர் என் பக்கம் பேசினார். உன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்ததும், பிள்ளைக்கு இப்போதுதான் ஒரு முன்னேற்றம் வந்திருக்கிறது, பெற்றவளே அதைக் கெடுக்கலாமா என்று என்னிடம் திரும்பிவிட்டார். சங்கத்து அம்மாவும் தலையை ஆட்டினார். உன் மனைவி எஸ்தர்தான் தெளிவாகப் பேசினாள்.

"அத்தே, அவனாச்சும் முப்பது வெள்ளிக்காசு வாங்கிக்கிட்டு ஆண்டவரக் காட்டிக் குடுத்தான். நீங்க பெத்த புள்ளைய ஓசியில குடுக்கீகளே."

அவள் கெட்டிக்காரி. ஆனால் கதையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள். குற்றமில்லாதவன் ஒருவன் செத்துப்போய், அவன் பெயரை விற்று ஒருவன் பிழைத்திருக்கிறான் என்றால், காட்டிக் கொடுத்தவன் யார் என்று அவளே அவள் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

மகனைத் திட்டாமல், மெல்லச் சொல்லித் திருத்தலாமே என்று எனக்குப் புத்தி சொல்கிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். வேதத்தில் உன் பெயருக்குரிய தீர்க்கதரிசி சிறுவனாக வளர்ந்த அந்த ஆலயத்தில் முதிய ஆசாரியர் ஒருவர் இருந்தார். அவர் மகன்கள் தேவனுக்குரியதைத் திருடித் தின்றார்கள். அவர் சொல்லாமல் இல்லை. வேண்டாம் மக்களே, நல்லதில்லை மக்களே என்று மெல்லத்தான் சொன்னார். சொன்னதோடு நின்றார், அடக்கவில்லை. அந்த வீடே அழிந்தது. அந்தக் கிழவர் நாற்காலியிலிருந்து பின்னால் விழுந்து கழுத்து முறிந்து செத்தார். மெல்லச் சொன்ன தகப்பனுக்கு வேதம் கொடுத்த முடிவு அது. எனக்கு அந்த நாற்காலி வேண்டாம்.

பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற பெற்றோர் தங்கள் தவறுகளையும் சொல்லி அழுவது வழக்கம். நான் சொல்லப்போவதில்லை. என் பாவங்கள் எனக்கும் கர்த்தருக்கும் தெரியும், அவருக்கு நான் பதில் சொல்வேன். இங்கே ஒன்றை எழுதினால் நீ அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்வாய். உன்னை எனக்குத் தெரியும்.

முட்டுகிற மாட்டைப் பற்றி வேதத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. மாடு திடீரென்று ஒருவனை முட்டிக் கொன்றால் மாட்டுக்காரன்மேல் பழியில்லை. ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்பே அவனுக்குச் சொல்லியிருந்தும் அவன் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், மாட்டோடு அவனும் சாக வேண்டும். உனக்குச் சொன்னார்கள். பாடப் புத்தகம் சொன்னது, கருப்பசாமி சொன்னான், நான் சொன்னேன். மீட்புப் பணம் கொடுத்துத் தப்பலாம் என்று அடுத்த வரியில் இருக்கிறதே என்று மூப்பர் என்னிடம் வாதாடினார். இருக்கிறது. அதைப் பிறர் அவன்மேல் விதிப்பார்கள், அவன் கொடுப்பான். அவனே தனக்கு ஒரு தொகையை விதித்து, அதையும் செத்தவன் வீட்டுக்குக் கொடுக்காமல் ஆலயத்துக்குக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று எந்த வரியிலும் இல்லை.

நீ அதைத்தான் செய்யப்போகிறாய். வருகிற அசனத்துக்கு, சபை முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த விருந்துக்கு, அரிசியும் ஆட்டுக்கறியும் உன் காணிக்கை என்று அறிவித்திருக்கிறார்கள். உயிர் தப்பியதற்கு நன்றிக் காணிக்கையாம். பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கும்போது உன்மேல் ஒருவருக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவரிடம் போ என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஏழாயிரம்பண்ணைக்கு மணிக்கொரு பஸ் இருக்கிறது.

இத்தனை சனிக்கிழமை பூட்டினோம், ஒன்றும் ஆகவில்லையே என்று அப்போது நினைத்தாய். இத்தனை மாதமாக ஒன்றும் ஆகவில்லையே என்று இப்போது நினைக்கிறாய். செய்த தீமைக்கு உடனே தண்டனை வராததால்தான் மனிதன் துணிந்து தீமை செய்கிறான் என்று வேதத்தில் எழுதியவர் உன் முகத்தைப் பார்த்துத்தான் எழுதினார் போலிருக்கிறது. கர்த்தர் பொறுத்திருப்பது நீ திரும்புவதற்காக. அதை நீ அனுமதி என்று எடுத்துக்கொண்டாய். அதிகாரிகள் அறைகளுக்கு வைத்த அரக்குச் சீலை எடுத்துவிட்டார்கள். அந்த அறைகளை இப்போது நீயே உள்குத்தகைக்கு எடுத்திருக்கிறாய். பாடகர் குழுப் பயிற்சி இன்னும் சனிக்கிழமை சாயங்காலம்தான் நடக்கிறது. மருந்து கலக்க ஒரு புது ஆளை வைத்திருக்கிறாய். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. வருகிற சனிக்கிழமை சாவியோடு உன் வாசலில் வந்து நிற்கப்போகிறவன் அவன்தான். பீடி என்று நீ சொன்ன பொய் நிற்கிற வரைக்கும், மிச்ச மருந்தை ஒருவரும் தேடப்போவதில்லை. காலம் கடந்துவிடும் என்று நான் சொல்வது நியாயத்தீர்ப்பு நாளை மட்டும் அல்ல.

ஆகவே செய்ய வேண்டியதை எழுதுகிறேன்.

சாமுவேல், நீ அசனத்துக்கு முன்பு ஏழாயிரம்பண்ணைக்குப் போ. காரில் போகாதே, போதகரைக் கூட்டிக்கொண்டு போகாதே. வேன் வந்து நிற்கிற நேரத்துக்குப் போய், பெண்கள் எல்லோரும் கேட்கும்படி, மிச்சத்தைப் பூட்டச் சொன்னது நான், அழிக்கிறேன் என்று சொன்னது கருப்பசாமி, பீடி நான் சொன்ன பொய் என்று பேச்சியிடம் சொல். அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அதையே எழுதிக் கொடு. உள்ளே வைத்தால் இரு. வைக்காவிட்டால், ஆலயத்தில் சாட்சி சொன்ன அதே இடத்தில் நின்று அதையே திரும்பச் சொல்.

எஸ்தர் அவனைத் தடுக்க வேண்டாம். அவன் உள்ளே இருக்கிற நாட்களில் அவளும் பிள்ளைகளும் என்னிடம் வரட்டும். காம்பு கிள்ளுகிற இடத்தில் இன்னொரு ஆளுக்கு வேலை இருக்கிறது.

மூப்பர் அந்த அரிசியைத் திருப்பி அனுப்பட்டும். இவன் திரும்புகிற வரைக்கும் போதகர் இவனுக்குத் திருவிருந்து அப்பம் கொடுக்காமல் இருக்கட்டும். பாடகர் குழு தன் பயிற்சியை வேறு நாளுக்கு மாற்றட்டும். அது ஒரு சின்ன வேலை, அதற்குக்கூட ஒரு சாவு தேவைப்பட்டது.

முதலாளி சனிக்கிழமை வேலையை முன்னதாகவே நிறுத்தட்டும். மிச்சம் அழிந்ததைக் கண்ணால் பார்த்த ஆளிடம் மட்டும் சாவியைக் கொடுக்கட்டும். சொல்லிக் கொடுத்த பொய்யை அவரும் ஸ்டேஷனில் வந்து திரும்ப எடுத்துக்கொள்ளட்டும்.

வேனில் வருகிற பெண்கள் தனித்தனியாகப் பேச வேண்டாம். எல்லோரும் ஒரே வேனில் ஸ்டேஷனுக்குப் போய் ஒன்றாகச் சொல்லட்டும். வேன் நிறைய ஆளை ஒரே நாளில் வேலையைவிட்டு நிறுத்த சீசனில் யாருக்கும் துணிச்சல் வராது. போய்வந்த பிறகு பேச்சிக்கு வேனில் இடம் விடட்டும்.

நான், நீ ஸ்டேஷனுக்குப் போனால் உன்னோடு வருவேன், உன் பக்கத்தில் உட்காருவேன். சனிக்கிழமை வாசலில் நடந்த பேச்சைக் கேட்டவள் நான் என்று நானும் எழுதிக் கொடுப்பேன். நீ போகாவிட்டால் நான் தனியாகப் போய் எழுதிக் கொடுப்பேன். அசனத்தன்று உங்கள் பந்தியில் எனக்கு இலை போட வேண்டாம்.

பேச்சி செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. உன்னை மன்னிக்க வேண்டியதும் இல்லை. சபையிலிருந்து ஒருவரும் போய் அவளிடம் அதைக் கேட்கக் கூடாது.